சந்தை வியாபாரமும் மனக்கட்டுப்பாடும்

(பொன்விழாவையொட்டிச் சங்கத்தின் குடும்ப நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





வியாபாரத்தைப் பற்றிப் பேச எங்களைவிடத் தகுதியானவர்கள் முன் வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். மளிகை, துணி, உணவகம், நாணய மாற்று என்று வாழ்ந்து காட்டியவர்கள். எங்கள் வயதுக்காரர்கள் சிலர் செய்வது கொஞ்சம் வேறு. சரக்கைக் கண்ணால் பார்ப்பதில்லை, கையால் தொடுவதில்லை. திரையில் விலையைப் பார்த்துப் பங்கும் செம்பனை எண்ணெய் ஒப்பந்தமும் வாங்கி விற்கிறோம். இதைப் பார்க்கும் வீட்டார் சிலர் இது சூதாட்டம் என்கிறார்கள். சிலர் உட்கார்ந்த இடத்தில் வரும் சுலபக் காசு என்கிறார்கள். சூது என்று நினைக்கும் வீட்டில் பிள்ளை மறைத்துச் செய்கிறான். சுலபக் காசு என்று நினைக்கும் வீட்டில் அவனுக்கு முதல் கூடிக்கொண்டே போகிறது. இரண்டு வீட்டிலும் முடிவு ஒன்றாகவே இருப்பதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஆகவே எந்தப் பங்கு ஏறும் என்று இன்று சொல்லப்போவதில்லை. விலைப்படம் படிக்க மூன்று மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். கற்றவர்களும்தான் கவிழ்கிறார்கள். எதனால் கவிழ்கிறார்கள் என்பதைத்தான் பேசப்போகிறோம்.

உதாரணத்துக்குத் தூரம் போக வேண்டாம். 2024 தொடக்கத்தில் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்றரை ரிங்கிட்டுக்கு மேல் கிடைத்தது நினைவிருக்கும். பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் அது நல்ல காலம். அப்போது ஜொகூர் பாரு தேநீர்க் கடைகளில் என்ன பேசிக்கொண்டார்கள்? "நாலைத் தொடப்போகுது, இப்ப மாத்தாதே." பலர் சம்பளத்தை மாற்றாமல் வெள்ளியாகவே வைத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் விலை 3.20 பக்கம் வந்துவிட்டது. பத்தாயிரம் வெள்ளி வைத்திருந்தவருக்கு ஏறக்குறைய மூவாயிரம் ரிங்கிட் போனது.

கவனிக்க வேண்டியது அந்த மூவாயிரம் அல்ல. இறங்கும் வழியில் அவருடைய மனம் பேசிய பேச்சு. 3.40 வந்தபோது, "போன மாதம் மூன்றரை கிடைத்ததே, இப்போது மாற்றினால் நட்டம்" என்றது. 3.30 வந்தபோது, "இவ்வளவு பொறுத்தாயிற்று, திரும்ப ஏறும்" என்றது. 3.20 வந்ததும் விலைப் பலகையைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். மூன்றரை என்ற விலை அன்று எங்குமே இல்லை, அவர் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. இல்லாத ஒரு விலையோடு அவர் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

அதே தெருவில் நாணய மாற்றுக் கடைக்காரரைப் பாருங்கள். வெள்ளி எங்கே போகும் என்று அவருக்கும் ஒரு கருத்து உண்டு, கேட்டால் அரை மணி நேரம் பேசுவார். ஆனால் அந்தக் கருத்தைக் கல்லாவுக்குள் விடுவதில்லை. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ள சின்ன இடைவெளிதான் அவருடைய பிழைப்பு. மாலையில் கையிருப்பை எண்ணி, அன்றைய விலைக்கு மதிப்புப் போட்டு, கணக்கை அடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார். எங்களுக்கு இந்தத் தொழிலில் முதல் ஆசிரியர்கள் அவர்கள்தான் என்று சொன்னால் மிகையில்லை.

இந்த மாலைக் கணக்கு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பாலத்துக்கு அந்தப் பக்கமே உலகம் அறிந்த ஒரு பாடம் இருக்கிறது. நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். 1995இல் பேரிங்ஸ் வங்கி விழுந்த கதை.

பேரிங்ஸ் 1762இல் லண்டனில் தொடங்கிய வங்கி. 233 ஆண்டுகள் நின்ற நிறுவனம். 1992இல் அதன் சிங்கப்பூர் முன்பேர வணிகப் பிரிவுக்கு நிக் லீசன் என்ற இளைஞர் வந்தார். அப்போது அவருக்கு வயது 25. சிமெக்ஸ் சந்தையில் வாங்கி விற்பதும் அவர் பொறுப்பு, அந்தக் கணக்கை எழுதிச் சரிபார்ப்பதும் அவர் பொறுப்பு. கல்லாவில் உட்காருகிறவரே கணக்குப்பிள்ளையும் என்றால் என்ன நடக்கும் என்று நம் பெரியவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

தொடக்கம் மிகச் சிறியது. அவருக்குக் கீழே வேலை செய்த ஒருவர் 20 ஒப்பந்தங்களை வாங்குவதற்குப் பதிலாக விற்றுவிட்டார். 20,000 பவுண்டு நட்டம். அத்தனை பெரிய வங்கிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மேலிடத்தில் சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு முடிந்திருக்கும். ஆனால் அது 88888 என்ற பிழைக்கணக்கில் போய் உட்கார்ந்தது. சீனர்களுக்கு எட்டு ராசியான எண், அதனால் ஐந்து எட்டு. பிறகு வந்த நட்டங்களும் அங்கேயே போயின. 1992 முடிவில் 2 மில்லியன் பவுண்டு, 1993 முடிவில் 23 மில்லியன், 1994 முடிவில் 208 மில்லியன். இத்தனைக்கும் லண்டனில் அவரைப் பெரிய லாபம் ஈட்டித் தருகிறவர் என்று கொண்டாடிக்கொண்டிருந்தார்கள், ஊக்கத்தொகை கொடுத்தார்கள்.

1995 ஜனவரி 17இல் ஜப்பானின் கோபே நகரில் நிலநடுக்கம். அவர் ஜப்பானியப் பங்குச் சந்தை பெரிதாக அசையாது என்று நம்பிப் பணம் கட்டியிருந்தார். சந்தை இறங்கியது. அவர் நிறுத்தவில்லை, மேலும் மேலும் வாங்கினார், விலையைத் தானே தூக்கி நிறுத்திவிடலாம் என்பது போல. பிப்ரவரி 23இல் சிங்கப்பூரை விட்டுப் புறப்பட்டு நம் நாட்டு வழியாகத்தான் போனார், கோலாலம்பூர், கோத்தா கினபாலு என்று. மூன்று நாளில் வங்கி விழுந்தது. மொத்த நட்டம் 827 மில்லியன் பவுண்டு. ஐஎன்ஜி என்ற டச்சு நிறுவனம் அதைப் பேருக்கு ஒரு பவுண்டு கொடுத்து வாங்கியது. லீசன் ஃபிராங்ஃபர்ட் விமான நிலையத்தில் பிடிபட்டு, சிங்கப்பூர் நீதிமன்றத்தில் ஆறரை ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார்.

இதில் ஒரு சின்ன விவரத்தைப் பலரும் தவறவிடுகிறார்கள். அவர் பிறகு சொன்ன கணக்குப்படி, 1993 நடுவில் ஒருமுறை 6 மில்லியன் பவுண்டு நட்டத்தை அவர் முழுவதுமாக மீட்டே விட்டார். இரட்டிப்பாக வாங்கிக்கொண்டே போனார், சந்தை திரும்பியது, கணக்கு நேரானது. எங்களைக் கேட்டால், அந்த வங்கியைக் கொன்றது நிலநடுக்கம் அல்ல, அந்த மீட்புதான். தோற்கும்போது இரட்டிப்பாக்கினால் தப்பிக்கலாம் என்று சந்தை அவருக்கு ஒருமுறை கற்றுக்கொடுத்துவிட்டது. தப்பான வழியில் வந்த லாபம் நட்டத்தைவிட மோசமான வாத்தியார். முதல் மாதத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கி இரண்டாயிரம் சம்பாதித்த தம்பிகளைப் பார்த்து நாங்கள் பயப்படுவது அதனால்தான்.

பாலிடெக்னிக் பட்டறையில் மின்சாரப் பலகையோடு பழகிய எங்களுக்கு இதை இப்படிச் சொன்னால் புரியும். மின்சாரம் அளவுக்கு மேல் பாய்ந்தால் ஃபியூஸ் போகும், வீடு இருட்டாகும், எரிச்சலாக இருக்கும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று அதை எடுத்துவிட்டுத் தடித்த கம்பியைச் சொருகுகிறவர் இருக்கிறார். அவர் வீட்டில் விளக்கு அணையாது. சுவருக்குள் கம்பி எரிந்துகொண்டிருக்கும். 88888 அப்படிச் சொருகிய கம்பி.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். நட்டத்தை நட்டமாக எழுத மனிதனுக்கு ஏன் இவ்வளவு கஷ்டம்? டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். நூறு ரிங்கிட் கிடைக்கும் சந்தோஷத்தைவிட நூறு ரிங்கிட் போகும் வலி பெரிது, ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று பிற்பாடு கணக்கிட்டார்கள். அதுகூட நமக்குத் தெரிந்ததுதான். அவர்கள் கண்டதில் முக்கியமானது அடுத்தது. லாபத்தில் இருக்கும்போது மனிதன் பயந்தவனாகிறான், இருப்பது போதும் என்கிறான். நட்டத்தில் இருக்கும்போது அதே மனிதன் துணிந்தவனாகிறான், போனதை எடுக்க எதையும் பணயம் வைக்கிறான். வியாபாரத்துக்கு வேண்டியதோ இதற்கு நேர்மாறு.

டெரன்ஸ் ஓடீன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஒரு தரகு நிறுவனத்தின் 10,000 கணக்குகளை எடுத்துப் பார்த்து 1998இல் எழுதினார். மக்கள் ஏறிய பங்கைச் சீக்கிரம் விற்கிறார்கள், இறங்கியதைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். அவர்கள் விற்ற பங்குகள், விற்காமல் வைத்திருந்த நட்டப் பங்குகளைவிட அடுத்த ஓராண்டில் சராசரியாக 3.4 விழுக்காடு கூடுதலாகவே சம்பாதித்தன. நம் கடை மொழியில் சொன்னால், ஓடுகிற சரக்கைத் தள்ளுபடியில் கொடுத்துவிட்டு, ஓடாத சரக்கை அலமாரியில் பூட்டி வைப்பது.

ஓடாத சரக்கு என்றதும் நம் வாப்பாமார்கள், அத்தாமார்கள் காலம் நினைவுக்கு வருகிறது. வருடம் ஒருமுறை, பெரும்பாலும் ரமலானில், கடைக் கதவைச் சாத்திவிட்டுச் சரக்கு எண்ணுவார்கள். ஸகாத் கணக்குக்காக. எந்த விலைக்கு எண்ணினார்கள்? வாங்கிய விலைக்கு அல்ல. வருடம் நிறைவாகும் அன்று அந்தச் சரக்கு என்ன விலை போகுமோ அந்த விலைக்கு. வியாபாரச் சரக்கின் ஸகாத்துக்கு உலமாக்கள் பெரும்பாலோர் சொல்வது அன்றைய சந்தை மதிப்பைத்தான், அதில் நாற்பதில் ஒரு பங்கு. 10 ரிங்கிட்டுக்கு வாங்கிய துணி இன்று 6 ரிங்கிட்தான் போகும் என்றால் 6 என்றுதான் எழுத வேண்டும். 12 போகும் என்றால் 12. அல்லாஹ்வுக்குக் கணக்குக் கொடுக்கும் இடத்தில் "திரும்ப ஏறும்" என்று எழுத முடியாது.

இன்று முன்பேரச் சந்தைகள் தினமும் மாலையில் ஒவ்வொருவர் கணக்கையும் அன்றைய விலைக்கு மதிப்பிட்டு, குறைவதைக் கட்டச் சொல்கின்றன. நவீனக் கண்டுபிடிப்பு போலப் பாடப் புத்தகத்தில் வரும் விஷயம். நம் பெரியவர்கள் அதை வருடம் தவறாமல் ஒரு வணக்கமாகவே செய்துவந்தார்கள். எழுதி வைப்பதும் அப்படித்தான். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எது என்று மதரஸாப் பிள்ளைகளைக் கேளுங்கள். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலைச் சாட்சிகளோடு எழுதி வைக்கச் சொல்லும் வசனம். புதிதாக எந்தத் தத்துவமும் எங்களுக்குத் தேவைப்படவில்லை. இருப்பதைத் திரைக்கு முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்தால் போதும்.

அதை எப்படிச் செய்கிறோம் என்று செம்பனை எண்ணெயை வைத்தே சொல்கிறோம், அது நம் ஜொகூர் சரக்கு. 1980இல் கோலாலம்பூரில் தொடங்கிய சந்தை இது. ஒரு ஒப்பந்தம் என்றால் 25 டன். ஒப்பந்தப்படி எண்ணெயை ஒப்படைக்கும் துறைமுகங்களில் நம் பாசீர் கூடாங்கும் ஒன்று. டன் 4,000 ரிங்கிட் என்றால் ஒரு ஒப்பந்தத்தின் மதிப்பு ஒரு லட்சம். ஆனால் சில ஆயிரம் பிணை வைத்தால் அந்த ஒரு லட்சத்தைக் கையாளலாம். விலை டன்னுக்கு ஒரு ரிங்கிட் அசைந்தால் உங்கள் கணக்கில் 25 ரிங்கிட் அசையும். நூறு ரிங்கிட் அசைவது இந்தச் சந்தையில் சாதாரணம். அப்படியென்றால் ஒரு நாளில் 2,500.

எங்கள் விதி, ஒரு வியாபாரத்தில் மொத்த முதலில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் இழக்கக் கூடாது. ஒரு தம்பி 20,000 ரிங்கிட்டோடு வருகிறார் என்று வையுங்கள். நூற்றில் ஒன்று 200 ரிங்கிட். அதாவது விலை வெறும் 8 ரிங்கிட் எதிராகப் போனால் வெளியேற வேண்டும். தேநீர் ஆறுவதற்குள் அது அவ்வளவு அசைந்துவிடும். இதற்கு அர்த்தம் அவருக்குத் துணிச்சல் இல்லை என்பதல்ல, அந்த முதலுக்கு இந்தச் சரக்கு பெரிது என்பதுதான். இந்தக் கணக்கை ஒரு துண்டுக் காகிதத்தில் போடாமலே எத்தனை பேர் உள்ளே போகிறார்கள் தெரியுமா? பங்குகளில் சிறிய அளவில் தொடங்கலாம், நூறு நூறாக வாங்கலாம். அதுதான் எங்கள் யோசனை.

ஏன் நூற்றில் ஒன்று என்று கேட்பார்கள். பத்து விழுக்காடு இழந்தவர் பழைய நிலைக்கு வர 11 விழுக்காடு சம்பாதித்தால் போதும். பாதியை இழந்தவர் நூறு விழுக்காடு சம்பாதிக்க வேண்டும். 2022ஐ நினைத்துப் பாருங்கள். உக்ரேன் போர், பிறகு ஏப்ரல் 28இல் இந்தோனேசியா ஏற்றுமதிக்குப் போட்ட தடை. செம்பனை எண்ணெய் டன் 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது. உணவகம் நடத்துகிறவர்கள் எண்ணெய் வாங்கப் பட்ட பாட்டைச் சொன்னால் இந்தக் கூட்டம் முடியாது. மே 23இல் தடை நீங்கியது, செப்டம்பர் கடைசியில் விலை 3,500க்கும் கீழே. உச்சியில் ஒரே ஒரு ஒப்பந்தம் வாங்கி, "திரும்ப ஏறும்" என்று பிடித்துக்கொண்டவருக்கு 87,500 ரிங்கிட் போயிருக்கும். போர் நடந்ததும் உண்மை, தடை வந்ததும் உண்மை, அவர் படித்த செய்தி எல்லாம் உண்மை. விலை மட்டும் இறங்கியது.

ஆகவே வாங்கும் முன்பே நோட்டில் எழுதுகிறோம். ஏன் வாங்குகிறோம், எந்த விலை வந்தால் நம் எண்ணம் தவறு என்று ஒப்புக்கொள்வோம், அப்போது எவ்வளவு போகும். வாங்கும் உத்தரவோடு வெளியேறும் உத்தரவையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறோம். காரணம், வாங்குவதற்கு முன் இருக்கும் மனம் வேறு, வாங்கிய பின் இருக்கும் மனம் வேறு. முதலாமவர் நிதானமானவர், அவரிடமே முடிவை விட்டுவிடுகிறோம். ஒரே நாளில் இரண்டு நட்டம் வந்தால் அன்று கணினியை மூடுகிறோம். மூன்று லாபம் தொடர்ந்து வந்தால் அளவைக் கூட்டக் கை துறுதுறுக்கும், அப்போதும் மூடுகிறோம். மாதம் பத்தாம் தேதியை ஒட்டி மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் கையிருப்புக் கணக்கை வெளியிடும். அந்த நேரத்தில் உள்ளே இருக்க மாட்டோம். 2021 டிசம்பர் முதல் இரவு ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரையும் இந்தச் சந்தை நடக்கிறது. இஷாவுக்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைப்பதில்லை. தூக்கம் வருகிறவன் கையில் 25 டன் எண்ணெய் எதற்கு?

பகலில் பன்னிரண்டரை முதல் இரண்டரை வரை சந்தைக்கு இடைவேளை. ஜும்ஆவுக்குப் போய்வரச் சரியாக இருக்கும். ஜொகூரில் 2014 முதல் 2024 வரை வெள்ளி விடுமுறையாக இருந்தது, கோலாலம்பூர் சந்தை மட்டும் திறந்திருந்தது. அந்தப் பதினோரு வருடத்தில் அலுவலகம் போகும் எத்தனை பேர் வெள்ளிக்கிழமை காலையில் பொழுது போகாமல் ஃபோனைத் திறந்து வாங்கினார்கள் என்று யாராவது ஆராய்ச்சி செய்யலாம். சலிப்பு வியாபாரத்துக்குக் காரணம் ஆகாது. நல்ல வியாபாரியின் நாள் பெரும்பாலும் சலிப்பாகத்தான் இருக்கும்.

ஆராய்ச்சி என்றதும் தாய்மார்களுக்கு ஒரு நல்ல செய்தி. மேலே சொன்ன ஓடீன், பிராட் பார்பர் என்பவரோடு சேர்ந்து 2001இல் 35,000க்கும் மேற்பட்ட குடும்பங்களின் கணக்கைப் பார்த்தார். ஆண்கள் பெண்களைவிட 45 விழுக்காடு அதிகமாக வாங்கி விற்கிறார்கள், அந்த அவசரத்தாலேயே பெண்களைவிட அதிகமாக இழக்கிறார்கள். லாத்தாமார்கள் கைதட்டுவதைப் பார்த்தால் இதை ஏற்கெனவே வீட்டில் கண்டுபிடித்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

ஊரில் இருக்கும் நம் உறவுக்காரப் பிள்ளைகளும் இதில் இறங்கியிருக்கிறார்கள். இந்தியப் பங்குச் சந்தை வாரியமான செபி 2024 செப்டம்பரில் ஒரு கணக்கு வெளியிட்டது. முன்பேர, ஆப்ஷன் வணிகம் செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் மூன்று ஆண்டுகளில் இழந்திருக்கிறார்கள். தலைக்குச் சராசரி 2 லட்சம் ரூபாய். தொடர்ந்து நட்டம் கண்டவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் நிறுத்தவில்லை. எங்களுக்கு அந்த 93ஐவிட இந்த நான்கில் மூன்றுதான் கவலை தருகிறது.

மார்க்க விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல நாங்கள் ஆலிம்கள் அல்ல, உஸ்தாத்மார்கள் இருக்கிறார்கள். தெரிந்ததை மட்டும் சொல்கிறோம். செக்யூரிட்டீஸ் கமிஷனின் ஷரியா ஆலோசனை மன்றம் அனுமதித்த பங்குகளின் பட்டியல் வருடம் இருமுறை, மே மாதமும் நவம்பரும் வருகிறது. செம்பனை எண்ணெய் ஒப்பந்தத்தையும் அந்த மன்றம் அனுமதித்திருக்கிறது. இணையதளத்தில் தனிநபர்கள் செய்யும் அந்நியச் செலாவணி வணிகம் கூடாது என்று தேசிய ஃபத்வா மன்றம் 2012இல் சொல்லிவிட்டது. உரிமம் பெற்ற நாணய மாற்றுக் கடை வேறு, இது வேறு. டெலிகிராம் குழுவில் "ஹலால் ஃபோரெக்ஸ், மாதம் இருபது விழுக்காடு" என்று வந்தால், முதலில் கமிஷனும் பேங்க் நெகாராவும் வெளியிடும் எச்சரிக்கைப் பட்டியல்களைப் பாருங்கள். அதில் பெயர் இல்லை என்பதற்காகவும் கொடுத்துவிடாதீர்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதில் மட்டும் நாங்கள் கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதில்லை. கடன் வாங்கிய காசு கூடாது. மனைவியின் நகையை அடகு வைத்த காசு கூடாது. 2024 மே மாதத்திலிருந்து சேம நிதியில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஒரு கணக்கு வந்திருக்கிறது, அதை எடுத்து இதில் போடுவதும் கூடாது. திரும்பக் கொடுக்க வேண்டிய காசோடு உட்காருகிறவனால் சின்ன நட்டத்தை ஏற்கவே முடியாது. அவன் கணக்கில் முதல் நாளிலேயே ஒரு 88888 திறந்துவிடுகிறது. வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா என்று கேட்கிறவர்களிடம் இரண்டு வருட நோட்டைக் காட்டச் சொல்கிறோம். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

கடைசியாக வீட்டாரிடம் ஒரு வேண்டுகோள். நட்டத்தால் உடைந்த வீடுகளைவிட, மறைத்த நட்டத்தால் உடைந்த வீடுகளே அதிகம். நம் சுற்றத்திலேயே சிலருக்குத் தெரியும், பெயர் வேண்டாம். முந்நூறு ரிங்கிட் போன அன்று மகன் வந்து சொல்லும்போது, "நாங்க அப்பவே சொன்னோமே" என்று நாலு பேர் முன்னால் பேசினால், மூவாயிரம் போகும் அன்று அவன் சொல்ல மாட்டான். முப்பதாயிரம் போனபின் வேறு யாராவது வந்து சொல்வார்கள். மாதம் ஒருமுறை, சாப்பிட்டு முடித்தபின், இரண்டே கேள்வி கேளுங்கள். இன்றைய விலைக்கு எவ்வளவு இருக்கிறது? நோட்டு எங்கே? சத்தம் போடாமல் கேளுங்கள், பதில் எதுவானாலும் அன்று இரவு சண்டை வேண்டாம். கணவன் சொல்லும் கணக்கும் நோட்டில் உள்ள கணக்கும் ஒன்றா என்று பார்க்க மனைவிக்குப் பங்குச் சந்தை தெரிய வேண்டிய அவசியமில்லை. கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். லண்டனில் இருந்தவர்கள் அதைச் செய்திருந்தால் அந்த வங்கி இன்றும் இருந்திருக்கலாம்.

இந்தத் தொழிலில் இருக்கும் சங்கத்து இளைஞர்கள் மாதம் ஒருமுறை இந்தக் கட்டடத்தில் கூடி, ஒருவர் நோட்டை மற்றவர் பார்க்கும்படி ஓர் ஏற்பாடு செய்யலாமா என்று தலைவரிடம் கேட்டிருக்கிறோம். விடுமுறை இப்போது சனி ஞாயிறுக்கு மாறிவிட்டதால் ஞாயிறு காலை வசதி. எந்தப் பங்கு வாங்கலாம் என்ற பேச்சு அங்கே இருக்காது. நோட்டு இல்லாமல் வருகிறவர்களுக்குத் தேநீர் மட்டும் உண்டு. நாணய மாற்று நடத்திய பெரியவர்கள் ஓரிருவர் வந்து உட்கார்ந்தால் எங்களுக்குப் பெரிய உதவி. எங்கள் திரையைவிட அவர்கள் கண் கூர்மையானது.

அஸருக்கு நேரமாகிவிட்டது. கேள்வி உள்ளவர்கள் தொழுகைக்குப் பிறகு பின்வாசல் பக்கம் வாருங்கள், அங்கேதான் இருப்போம்.